கெசிக்கிலிருந்து பள்ளத்தாக்குகளுக்கு ஒரு நெடும்பகல்: வாசகர் கேள்வி–பதில்

இங்கிலாந்தின் வடமேற்கில், லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் கெசிக். பிரிட்டனில் வசிக்கும் வாசகர்களும், கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர்களும் அந்த ஊரைப் பற்றி அனுப்பிய கேள்விகளில், நடைபயணம் தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கே: கெசிக்கில் தங்கி, காரைத் தொடாமல், காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற மாதிரி ஒரு முழுநாள் நடை வேண்டும். சிகரம் ஏறும் ஆசை இல்லை. பள்ளத்தாக்குகளைப் பார்க்க வேண்டும். எந்த வழி நல்லது?
– லெஸ்டர் வாசகர்

ப: நியூலேண்ட்ஸ் பள்ளத்தாக்கில் ஏறி, பாரோடேல் பள்ளத்தாக்கில் இறங்கி, டெர்வெண்ட்வாட்டர் ஏரிக்கரை வழியாக ஊர் திரும்புங்கள். மொத்தம் 26 கி.மீ. அளவில் வரும். ஏற்றம் எல்லாம் சேர்த்து 600 மீட்டருக்குப் பக்கம். தினசரி நடந்து பழகியவருக்கு, உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரம்.

காலை 8 மணிக்குக் கடைவீதி நடுவிலுள்ள மூட் ஹாலிலிருந்து கிளம்புங்கள். மெயின் ஸ்ட்ரீட்டின் கீழ்க்கோடியில் கிரேட்டா ஆற்றுப் பாலம் தாண்டியதும், இடப்பக்கம் வயல்வழி பிரிகிறது. அதில் போனால் போர்ட்டின்ஸ்கேல் சிற்றூர், அப்புறம் மரங்களுக்குள்ளேயே ஹாஸ் எண்ட் படகுத்துறைப் பக்கம். இதுவரை சுமார் நாலரை கி.மீ. இந்தத் துண்டு அவ்வளவு சுவையானதல்ல. காலை முதல் படகில் ஹாஸ் எண்டுக்கு வந்து இறங்கினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. கால் பின்னால் வரும் ஏற்றத்துக்கு மிச்சமாகும்.

ஹாஸ் எண்டில் கூட்டம் முழுக்க கேட்பெல்ஸ் குன்றின் மேல் ஏறும். நீங்கள் ஏற வேண்டாம். குன்றின் வட முனையைச் சுற்றிக்கொண்டு ஸ்கெல்கில் பண்ணை வழியாக லிட்டில் டவுனுக்குப் போங்கள். பெயரில்தான் டவுன், இருப்பது சில வீடுகள். இங்கிருந்து நியூலேண்ட்ஸ் ஓடையின் கிழக்குக் கரையில் பழைய சுரங்கத் தடம் ஒன்று அகலமாகப் போகிறது. எதிர்க்கரைச் சரிவில் கோல்ட்ஸ்கோப் சுரங்கத்தின் கல்குவியல்கள் தெரியும். முதலாம் எலிசபெத் காலத்தில் ஜெர்மனியிலிருந்து சுரங்கத் தொழிலாளர்களை வரவழைத்துச் செம்பு வெட்டிய இடம் அது. நிலம் என்னுடையது என்று நார்தம்பர்லாந்து பிரபு சண்டைக்கு நிற்க, 1568இல் நீதிமன்றம் அரசியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பொன்னோ வெள்ளியோ கலந்த தாது எவர் நிலத்தில் கிடைத்தாலும் அரசுக்கே சொந்தம் என்பது இங்கிலாந்துச் சட்டத்தில் இன்றும் பேசப்படும் தீர்ப்பு. வாயைப் பிளந்திருக்கும் சுரங்கத்துக்குள் தலையை நீட்ட வேண்டாம். உள்ளே செங்குத்தான குழிகள் உண்டு.

பள்ளத்தாக்கின் தலைமாட்டில் வழி குறுகி, ஓடையை ஒட்டிச் செங்குத்தாக ஏறும். நாளின் உண்மையான ஏற்றம் இது ஒன்றுதான். ஏறி முடித்தால் சுமார் 500 மீட்டர் உயரத்தில் டேல்ஹெட் டார்ன் என்ற சிற்றேரி. மதியச் சாப்பாட்டுக்கு ஏற்ற இடம், 12, 12.30க்கு வந்துவிடலாம்.

அங்கிருந்து கிழக்கே ஒரு சிறு மேட்டைத் தாண்டினால் ரிக்ஹெட் கல்குவாரி. விழுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஓட்டுக்கூரைக்கு வெட்டிய ஸ்லேட் பலகைகளின் கழிவு பாதை நெடுகக் கிடக்கும். தட்டையாக, அகலமாக, கால் வைக்க வாகாகத் தெரிகிற பலகைதான் ஆபத்து: அடியில் பிடிமானம் இல்லாமல் ஒரு பக்கம் தூக்கும், மழை பட்டிருந்தால் வழுக்கும். மண்ணில் பாதி புதைந்த கல்லாகப் பார்த்து மிதியுங்கள். முழங்காலைச் சற்று மடக்கி, குட்டி எட்டு வைத்து இறங்குங்கள். குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தபடி இறங்குகிறவர்தான் உட்கார்ந்து எழுவார்.

குவாரிக்குக் கீழே குறுக்கே ஒரு குதிரைத்தடம் வரும். களைத்திருந்தால் அதில் இடப்பக்கம் திரும்பி, காசில் கிராக் குன்றின் மேற்கால் நேரே கிரேஞ்ச் ஊருக்குப் போய்விடலாம். தெம்பு இருந்தால் கீழே ராஸ்த்வெய்ட் வரை இறங்குங்கள். டீ கிடைக்கும், கழிப்பறை உண்டு. பிறகு டெர்வெண்ட் ஆற்றை ஒட்டிக் காட்டுவழியே கிரேஞ்ச். இந்த ஆற்றங்கரைதான் நாள் முழுக்க நடந்ததிலேயே அழகான பகுதி என்பது எங்கள் கட்சி. லண்டனில் காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டு வந்த மில்லிகன் டால்டன் என்பவர், கோடைதோறும் குடியிருந்த குகை இந்தக் காட்டில்தான் இருக்கிறது. 1947இல் இறந்தார். ‘சாகசப் பேராசிரியர்’ என்று தமக்குத் தாமே பட்டம் கொடுத்துக்கொண்டவர்.

கிரேஞ்சில் 1675ஆம் ஆண்டின் இரட்டை வளைவுப் பாலத்தைத் தாண்டினால் பெரிய சாலை. அங்கே 78ஆம் எண் பேருந்தில் ஏறலாம், அல்லது லோடோர் துறையில் படகு பிடிக்கலாம், அல்லது கிழக்குக் கரையோடு 7 கி.மீ. நடந்தே ஊர் சேரலாம்.

கே: ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறதே, காலை 11 மணிக்குக் கிளம்பினால் என்ன?
– ஹாரோ வாசகி

ப: வெளிச்சம் இருக்கும், உண்மைதான். ஜூன் மூன்றாம் வாரத்தில் கெசிக்கில் சூரியன் மறைய இரவு 9.50 ஆகிவிடும். ஆனால் டீக்கடைக்காரர் சூரியனைப் பார்த்துக் கடையை மூடுவதில்லை. நாலு, நாலரைக்கே பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். படகும் பேருந்தும் பெரும்பாலும் பொழுது சாய்வதற்கு நெடுநேரம் முன்பே நின்றுவிடும். 11 மணிக்குக் கிளம்புகிறவர் ராஸ்த்வெய்ட்டுக்கு ஐந்து மணிக்கு மேல்தான் வருவார். அந்த நேரத்தில் கால் வலித்தால் உதவிக்கு ஒன்றும் இராது.

ஆகவே நாளைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள். அன்றைய கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முதலில் பாருங்கள் (கோடை அட்டவணை வேறு, ஞாயிறு வேறு). அதிலிருந்து ஆறு மணி நேரம் கழியுங்கள். அதற்கு முன்னால் லிட்டில் டவுனைத் தாண்டியிருக்க வேண்டும்.

நேரத்தைக் கணக்கிட 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது திடகாத்திரமானவர் நிற்காமல் நடக்கும் கணக்கு. அதன்படி இந்த நடைக்கு ஆறே கால் மணி நேரம். குடும்பமாகப் போகிறவர்கள் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். படம் எடுப்பவர் ஒருவர் கூட வந்தால் இன்னும் ஒரு மணி நேரம்.

கே: மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களையும் கூட்டிப்போக முடியுமா? அம்மா புடவைதான் கட்டுவார்.
– மில்டன் கீன்ஸ் வாசகர்

ப: மேலே சொன்ன முழுச் சுற்றுக்கு வேண்டாம். முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றத்தைவிட ரிக்ஹெட் இறக்கம்தான் எமன்.

அவர்களுக்கு ஏற்றது ஏரியின் மேற்குக் கரை. கெசிக்கில் படகேறி ஹாஸ் எண்டில் இறங்குங்கள். அங்கிருந்து பிராண்டல்ஹோ காட்டு வழியாகத் தெற்கு முனை வரை பெரும்பாலும் சமதளம். நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பு லேக் டிஸ்ட்ரிக்டில் முதன்முதலாக, 1902இல் வாங்கிய நிலம் இந்தக் காடு. தெற்கே சதுப்பில் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி லோடோர் துறையில் திரும்பவும் படகு. ஐந்தாறு கி.மீ.தான், மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டால் நிதானமாக முடியும். நடுவில் லோ பிராண்டல்ஹோ, ஹை பிராண்டல்ஹோ என்று இரண்டு துறைகள் உண்டு. அம்மாவுக்கு முடியவில்லை என்றால் அங்கேயே ஏறிவிடலாம். படகுகள் வலமாகவும் இடமாகவும் சுற்றுகின்றன. ஏறும்போதே எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஏரி முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் ஊர் வருவீர்கள். முதல் நாள் பலத்த மழை என்றால் ஏரி ஏறிப் பலகைப் பாதை முங்கிக் கிடக்கும். அன்று படகுச் சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புடவைக்குத் தடையில்லை. கரையோரப் பெரணிச் செடிகளில் நீர் கோத்திருக்கும்; கணுக்கால் வரை நனைந்த பருத்திப் புடவை கனத்துக் காலில் சுற்றும். சிந்தெடிக் புடவையைச் சற்று உயர்த்திக் கட்டி, உள்ளே லெக்கிங்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கீழே செருப்பு மட்டும் ஆகாது, ஷூதான்.

இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு அவசரப் பிரிவில் தரும் சிகிச்சை இலவசம், ஆனால் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் கட்டணம் உண்டு. பயணக் காப்பீடு இல்லாமல் அழைத்து வராதீர்கள்.

கே: ஜூலையில்கூட மழைக்கோட்டு வேண்டுமா? ஜீன்ஸும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் போதாதா?
– கோவை வாசகர்

ப: மழைக்கோட்டு கட்டாயம் வேண்டும். கெசிக்கின் ஆண்டு மழை ஏறக்குறைய சென்னை அளவுதான். ஆனால் பாரோடேல் பள்ளத்தாக்கின் உள்கோடியில் இருக்கும் சீத்வெய்ட்டில் ஆண்டுக்கு 3,500 மி.மீ. பக்கம் கொட்டும், இங்கிலாந்தில் மக்கள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை பெறுவது அதுதான். இரண்டுக்கும் நடுவே 13 கி.மீ.தான் தூரம். மேற்கே அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி ஏறும்போது குளிர்ந்து, அங்கேயே இறக்கிவைக்கிறது. கெசிக் கடைவீதியில் வெயில் என்பதை நம்பி உள்ளே போகாதீர்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. காற்றடிக்கும்போது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தி பனியனுக்கும் இதே குறை. பாலியெஸ்டர் டிராக் பேண்ட்டும் டி-ஷர்ட்டும் போதும், அதற்கு மேல் ஒரு மெல்லிய ஃப்ளீஸ். மேலே டேல்ஹெட் டார்ன் கரையில் ஊரைவிட மூன்று, நாலு டிகிரி குறைவாக இருக்கும், காற்று வேறு. குடை கொண்டுபோய்ப் பயனில்லை, கணவாயில் மடங்கிவிடும்.

ஷூவில் பார்க்க வேண்டியது அடிப்பாகத்தை. பூங்காவில் ஓடும் ஷூவின் அடி வழவழப்பாக இருந்தால் ஈர ஸ்லேட்டில் நிற்காது. 4, 5 மி.மீ. பல்லுள்ள டிரெயில் ஷூ போதும்; கனமான பூட்ஸ் அவசியம் என்று நாங்கள் நினைக்கவில்லை. புது ஷூவை அன்றைக்குத்தான் முதலில் போடுவது என்பது மட்டும் கூடாது. இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்கும் என்பதால் நகங்களை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். குதிகாலில் சுரீர் என்றதும் நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள், அடுத்த கி.மீ.யில் பார்க்கலாம் என்று தள்ளினால் கொப்புளம்.

கே: சுத்த சைவம். வழியில் சாப்பாடு கிடைக்குமா, கட்டிக்கொண்டு போக வேண்டுமா?
– திருச்சி வாசகி

ப: சைவ சாண்ட்விச், சூப் எல்லா டீக்கடையிலும் கிடைக்கும். ஆனால் லிட்டில் டவுனைத் தாண்டினால் ராஸ்த்வெய்ட் வரை எட்டு கி.மீ. ஒன்றுமே இல்லை. கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

புளியோதரை நல்ல தேர்வு. குளிரில் சோறு விறைத்துக்கொள்ளும் என்பதால், வழக்கத்தைவிடக் குழைய வடித்து, ஆளுக்கு ஒரு கரண்டி நல்லெண்ணெய் கூடுதலாக விடுங்கள். தயிர்சாதத்தில் ஒரு சங்கதி: நம்மூரில் பயணத்துக்குப் பாலை நிறைய விட்டு ஒரு சிட்டிகை தயிர் பிசைந்தால் மதியத்துக்குத் தோய்ந்திருக்கும். அங்கே 15 டிகிரியில் அது தோயாது, பால்சோறாகவே இருக்கும். தயிரையே விட்டுப் பிசையுங்கள். மழை நாளாக இருந்தால் இரண்டும் வேண்டாம், சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கைச் சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள், நின்றபடியே சாப்பிடலாம். பையின் பக்கவாட்டில் கடலை மிட்டாய், பேரீச்சை. பசி எடுத்த பிறகு சாப்பிடாமல், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டே போங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், வெயில் நாளில் இரண்டரை. ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மேலே ஆடு செத்துக் கிடந்தாலும் அப்படித்தான் இருக்கும். வடிகட்டாமல் குடிக்காதீர்கள்.

கே: கூகுள் மேப் போதாதா?
– குராய்டன் வாசகர்

ப: ஊருக்குள் போதும். நியூலேண்ட்ஸில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ஓ.எல்.4 வரைபடத்தைத் தாளில் வாங்குங்கள். அதில் 4 செ.மீ. என்றால் தரையில் ஒரு கி.மீ. பச்சைக் கோடுகள் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள வழிகள்: குட்டிக் கோடு நடப்பவருக்கு, நீளக் கோடு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. விட்டுவிட்டுப் போகும் கறுப்புக் கோடு என்றால் தரையில் தடம் தெரிகிறது என்று பொருள். பச்சை மட்டும் இருந்து கறுப்பு இல்லாவிட்டால், உரிமை உண்டு, தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து. இந்த நடையில் அவை நெருங்கும் இடங்களை முதல் நாள் இரவே விரலால் தொட்டுப் பாருங்கள். டேல்ஹெட் டார்னுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

கே: சிற்றேரி வரை ஏறியபின் மூடுபனி இறங்கினால் முன்னே போவதா, திரும்புவதா?
– எடின்பரோ வாசகர்

ப: முன்னேதான் போக வேண்டும். ஏரியிலிருந்து ராஸ்த்வெய்ட் மூன்றரை கி.மீ., அங்கே பேருந்து. பின்னே லிட்டில் டவுன் நாலரை கி.மீ., அங்கிருந்து படகுத்துறைக்கு இன்னும் மூன்று. ஆகவே திரும்புவதா என்ற முடிவை ஏரிக்கரையில் எடுப்பது தாமதம். பள்ளத்தாக்கின் தலைமாட்டில், ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் நின்று மேலே பாருங்கள். கணவாய் தெரியவில்லையா, இடி கேட்கிறதா, குழுவில் ஒருவர் ஏற்கெனவே திணறுகிறாரா? அங்கேயே திரும்பிவிடுங்கள்.

ஏரிக்கரையில் வழிகள் பல கூடுகின்றன. சதுப்பில் தடமும் அழியும். டேல் ஹெட் சிகரத்துக்கு மேற்கே ஒன்று, ஹை ஸ்பை முகட்டுக்கு வடகிழக்கே ஒன்று. ஓடையோடு இறங்கினால் ஊர் வரும் என்று நம்மூரில் சொல்வார்கள். இங்கே ஏரியிலிருந்து வழியும் ஓடை நியூலேண்ட்ஸுக்குத்தான் இறங்குகிறது. அதைப் பிடித்தால், ஏறி வந்த பள்ளத்தாக்குக்கே திரும்பிப் போவீர்கள். திசைகாட்டியில் கிழக்கைப் பிடித்து, ஸ்லேட் குவியல்கள் கண்ணில் படும் வரை நடங்கள்.

ஆபத்து என்றால் 999ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், பணம் வாங்க மாட்டார்கள். சிக்னல் இல்லாவிட்டால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஆறு.

கே: பாதை பண்ணைகளுக்குள் போகிறதே, மாடு துரத்துமா? எங்கள் நாயையும் கூட்டிப்போகலாமா?
– பர்மிங்ஹாம் வாசகி

ப: மாடு நாயைத்தான் குறிவைக்கும், அதிலும் கன்று ஈன்ற மாடு. மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே புகாமல், வேலியோரமாகச் சுற்றிப் போங்கள். அப்படியும் பாய்ந்து வந்தால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும், மாடு உங்களை விட்டுவிடும். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, பொதுமக்கள் திரிய உரிமையுள்ள திறந்தவெளி மலைநிலத்தில் நாயைக் குட்டையான கயிற்றில் பிடித்திருப்பது சட்டம். ஆடு இருக்கும் இடத்தில் எந்த மாதமும் அப்படித்தான். அந்த ஊர் ஹெர்ட்விக் ஆடுகள் கறுப்புக் குட்டியாகப் பிறந்து வயதாக ஆக நரைக்கும். வெள்ளைத் தாயோடு கறுப்புக் குட்டி நின்றால் வழிதவறியது என்று தூக்கப் போகாதீர்கள்.

கதவு மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள்.

கே: புல்லில் நடந்து வந்தபின் காலில் உண்ணி ஒட்டியிருந்தது. நெருப்புக் குச்சியால் சுடலாமா?
– ஸ்லோ வாசகர்

ப: கூடாது. சுட்டாலும், எண்ணெய் தடவினாலும், உண்ணி வயிற்றில் இருப்பதைக் கக்கிவிட்டுத்தான் விழும். லைம் நோய்க் கிருமி உள்ளே போக அதுவே வழியாகிவிடும். மெல்லிய முனையுள்ள சாமணத்தால் தோலை ஒட்டித் தலைப்பக்கம் பிடித்து, நேராக மேலே இழுங்கள். பிறகு கிருமிநாசினியால் துடையுங்கள். கடித்த தேதியைக் குறித்துவையுங்கள். மூன்று நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் பெரணி இடுப்புயரம் வளர்ந்து பாதையை மூடும். பேண்ட்டின் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டால் பாதித் தொல்லை போகும். அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் பார்த்துவிடுங்கள்.

கே: லண்டனிலிருந்து காலையில் கிளம்பி, நடந்துவிட்டு இரவே திரும்பலாமா?
– ஈஸ்ட் ஹாம் வாசகர்

ப: இந்த நடைக்கு முடியாது. யூஸ்டனிலிருந்து பென்ரித்துக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல்; கெசிக்குக்கு ரயில் 1972லேயே நின்றுவிட்டது, பென்ரித் நிலைய வாசலிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். கெசிக் சேரும்போதே மதியம். இரண்டு இரவு தங்குங்கள். வந்த அன்று மாலை ஃபிரையர்ஸ் கிராக் வரை ஏரிக்கரையில் கால் நீட்டிவிட்டு, மறுநாள் முழு நடை. ஜூலை இறுதியில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் அறை விலை ஏறும். ஜூன் நடுவில் போக முடிந்தவர்கள் அப்போதே போய்வருவது நல்லது. பகலும் அப்போதுதான் நீளம்.